மில் வீட்டு ரோசின்

முழங்காலுக்குத் தைலம் தேய்க்காமல் எழுந்திருக்க முடியாத வயதுக்கு நாம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டோம். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? தைலப் புட்டியைத் திறந்தால் உங்களுக்கு வலி நினைவுக்கு வரும். எனக்குத் தாராவியில் நாங்கள் குடியிருந்த மாவு மில் நினைவுக்கு வரும். தைலத்தில் கலக்கிற டர்பன்டைனும் எங்கள் மில்லில் கிடந்த ரோசினும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பைன் மரத்தைக் கீறினால் வடிகிற பாலைக் காய்ச்சும்போது ஆவியாகப் போவது டர்பன்டைன், சட்டியில் தங்குவது ரோசின். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அது சாக்கில் வரும், தேன் நிறமாக இருக்கும், கண்ணருகே வைத்து வெயிலைப் பார்த்தால் தாராவி முழுவதும் தங்கமாகத் தெரியும் என்பதுதான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். பம்பாய்க் குளிர் என்றால் உங்களுக்கே தெரியும், காலையில் ஒரு போர்வை, பத்து மணிக்கு வியர்வை. அப்பா மில்லில் ஆபரேட்டர். மாட்டுங்காவில் இருந்த முதலாளி, மில்லுக்குப் பின்புறம் இருந்த ஒற்றை அறையை எங்களுக்குக் குடியிருக்கக் கொடுத்திருந்தார். அறைக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அங்கே மிளகாய் அரைத்தால் இங்கே நாங்கள் தும்முவோம். வீட்டில் எதைத் தொட்டாலும் கையில் மாவு ஒட்டும். பள்ளிக்கூடத்தில் என்னை நரைத்தலைச்சி என்று கூப்பிட்டார்கள். இப்போது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மில்லில் ஒரே ஒரு மோட்டார். அதிலிருந்து தலைக்கு மேலே ஓடும் இரும்புத் தண்டுக்கு ஒரு பெல்ட், தண்டிலிருந்து ஒவ்வொரு அரவைக் கல்லுக்கும் ஒரு பெல்ட். மழைக்காலத்தில் ஈரம் குடித்தாலும், பண்டிகை நாட்களில் கோதுமை குவிந்து கல்லுக்குப் பாரம் கூடினாலும் பெல்ட் வழுக்கும். மோட்டார் சுற்றும், கல் சுற்றாது. மாவுக்கு நிற்கும் பெண்கள் டின்னைத் தட்டிச் சத்தம் போடுவார்கள். அப்பா அவசரப்படவே மாட்டார். சாக்கிலிருந்து ஒரு ரோசின் கட்டியை எடுத்து, படிக்கல்லால் நசுக்கிப் பொடியாக்கி, ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் ஒரு பிடி வீசுவார். பெல்ட் ஒருமுறை வீறிட்டு அழும். பிறகு பிடித்துக்கொள்ளும். கல் சுற்றும். அந்த நேரத்தில் அறையெல்லாம் ஒரு காட்டு வாசனை வரும். நான் காட்டைப் பார்த்தவளில்லை, மாஹிம் கழிமுகத்தையும் தோல் பதனிடும் கொட்டகைகளையும் முகர்ந்து வளர்ந்தவள். ஆனாலும் அது காட்டு வாசனைதான் என்று எப்படியோ தெரிந்தது.

ரோசினுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. தெருமுனை ரேடியோ கடைக்காரர் கம்பி பற்றவைக்க ஒரு துண்டு கேட்டு வருவார். சூடான இரும்பு பட்டதும் சின்னதாக ஒரு புகை எழும், அதை முகர்வதற்காகவே நான் அவர் கடை வாசலில் நிற்பேன். செருப்புத் தைப்பவர் மெழுகோடு சேர்த்து உருக்கி நூலில் இழுப்பார். கத்திக்குப் பிடி போடுகிறவர் வருவார். இந்திக்காரர்கள் பிரோஜா என்பார்கள், மராத்திக்காரர்கள் ராள் என்பார்கள், அம்மா பிசின்கட்டி என்பாள். கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா அள்ளிக் கொடுப்பார். சாக்கு முதலாளியுடையது, தாராளம் அப்பாவுடையது.

இந்தச் சொந்தக்காரர்களில் மிக நெருங்கியவர் எங்கள் சித்தப்பா. அப்பாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். வடாலாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டு எங்களோடு இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வரும்போது ஒரு தகரப் பெட்டியும் ஒரு வயலினும் கொண்டுவந்தார். ஊரில் கோயில் பாடகர் குழுவில் வாசித்தவர். வேதக்காரர்களான நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்.

வயலின் வில்லில் ரோசின் தேய்க்காவிட்டால் தந்தியில் வில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. ஊரிலிருந்து கொண்டுவந்த சீமை ரோசின் நகம் அளவுக்குத் தேய்ந்ததும் சித்தப்பாவுக்கு மனசு சோர்ந்தது. அது அப்போது கடையில் எளிதில் கிடைக்காத சாமான். ஒருநாள் பெல்ட் வீறிடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவாமல் போய்ச் சாக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வந்தார். அதைப் பழைய கரண்டியில் உருக்கி, துணியில் வடிகட்டி, தீப்பெட்டியின் உள்கூட்டில் ஊற்றி ஆறவைத்தார். வடித்த துணியில் மரப்பட்டைத் துணுக்கும் செத்த எறும்பும் கிடந்தன. தீப்பெட்டியைக் கிழித்ததும் உள்ளே கண்ணாடிபோல ஒரு செங்கல். எனக்கு அதை நக்கிப் பார்க்கவேண்டும் என்று ஆசை. நக்கியும் பார்த்தேன், கசப்பு.

முதலில் வார்த்ததெல்லாம் நொறுங்கியது. மெழுகு கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். உடைந்த கட்டிகளை வீணாக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். கட்டி பதத்துக்கு வரும்வரை வயலினும் பெல்ட்டைப் போலவே அழுதது. மாவுக்கு வருகிறவர்கள், உள்ளே அழுவது பெல்ட்டா கொழுந்தனா என்று அம்மாவைக் கேலி செய்வார்கள். பெல்ட் அழுதால் ரெண்டு நிமிஷத்தில் நிறுத்தும் என்பாள் அம்மா. ஆனால் டிசம்பர் பிறந்து, கிறிஸ்மஸுக்கு வீடுவீடாகப் பாடிப்போகும் கீத பவனிக்கு ஒத்திகை தொடங்கியபோது, அதே அம்மா வயலின் சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

ஒத்திகைக்குச் செம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாட்டுக்குத் தலைவர் செம்பூர்க்காரர் ஒருவர், பெரிய ஆபீசில் ஹெட் கிளார்க். பல்லெல்லாம் வெளுப்பாக, வரிசையாக இருக்கும். பேச்சும் அப்படித்தான், இடைவெளியே இருக்காது. ஒரு பாட்டை முழுதாகக் கேட்டதாக அவருக்குச் சரித்திரமே கிடையாது. இரண்டாவது அடியில் கையைத் தட்டி நிறுத்தி, யாராவது ஒருவரைத் திருத்துவார். சித்தப்பாவின் வயலினைக் கேட்டுவிட்டு, மாவு மில் சத்தம் வருகிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த மகள்தான் பின்னாளில் எனக்குச் சித்தியானவள். அவள் சிரிக்காததைச் சித்தப்பா பார்த்துவிட்டார். அப்புறம் ரோசின் தேய்ப்பதற்கே தினமும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஒத்திகை முடிந்து திரும்பும்போது ஒருநாள், அந்தப் பெண் கிடைக்காவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அதிகம் பேசாத மனிதர் அப்படிச் சொன்னதில் அப்பா ஆடிப்போனார். பெண்ணுக்கும் விருப்பம்தான் என்று அம்மா எப்படியோ விசாரித்து வைத்திருந்தாள். தடை ஒன்றுதான், பெண்ணின் அப்பா.

பெண்ணின் அம்மாவைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பேச என்ன இருக்கிறது? ஒல்லியான, சின்ன உருவம். ஒத்திகைக்கு மகளோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். எப்போதாவது, "நான் என்ன சொல்லுதேன்னா..." என்று ஆரம்பிப்பார். "நீ சும்மா இரு" என்பார் செம்பூர்க்காரர். அவர் சும்மா இருந்துவிடுவார். அந்த அம்மாள் என்ன சொல்ல வந்தார் என்பதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்கள் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். ஒருத்தி, நான் என்ன சொல்லுதேன்னா என்பாள், மற்றவர்கள் கூட்டமாக, நீ சும்மா இரு என்போம்.

எங்கள் கோயில் உபதேசியார் செம்பூருக்கு நடையாய் நடந்து, ஒருமுறை வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சம்மதித்தார்கள். பால் பலகாரம் எதுவும் வேண்டாம், ஊர் வழக்கப்படி கடுங்காப்பியும், கடித்துக்கொள்ள பனங்கற்கண்டும் இருந்தால் போதும் என்று செம்பூர்க்காரர் சொல்லியனுப்பினார். அது எளிமை என்று அம்மா மெச்சினாள். இந்த வீட்டில் அதிகம் கை நனைக்கக்கூடாது என்ற முன்யோசனை அது என்று இப்போது எனக்குப் புரிகிறது.

நம் தெற்கத்திக் கடுங்காப்பியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. காப்பியில் இனிப்புப் போடுவதில்லை. கருப்பட்டித் துண்டையோ கற்கண்டையோ பல்லால் கடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டு, அதன்மேல் காப்பியைக் கொதிக்கக் கொதிக்க உறிஞ்சவேண்டும். பம்பாயில் எல்லோரும் பால் டீக்கு மாறிய பிறகும், ஊர்ப்பாசம் காட்டவேண்டிய இடத்தில் கடுங்காப்பிதான். ஊரிலிருந்து வந்த பனங்கற்கண்டு எங்கள் வீட்டில் இருந்தது. அதுவும் ஒரு பிஸ்கட் டின்னில்தான். முதலாளி வீட்டிலிருந்து வந்த இரண்டு டின்களும் அக்கா தங்கைபோல ஒரே மாதிரி. கற்கண்டு டின் மேல் பலகையில், ரோசின் டின் கட்டிலுக்கு அடியில். நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை சித்தப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். விருந்தாளிகள் வருகிறார்களே என்று கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து மேல்பலகையில் அடுக்கித் தரையைத் துடைத்தார்.

அவர்கள் வந்தார்கள். அறையில் கட்டில் ஒன்று, நாற்காலி இரண்டு, மீதிப் பேருக்குப் பாய். எங்கள் வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்திருக்கும் செய்தி தெரிந்து அக்கம்பக்கம் முழுவதும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் உள்ளே இருட்டு. மில்லுக்கு விடுமுறை, பெல்ட் சத்தமில்லை. அந்த அமைதியைச் செம்பூர்க்காரர் ஒருவரே நிரப்பினார். தாராவியின் தோல் நாற்றத்தைப் பற்றிப் பேசினார். செம்பூரில் தங்கள் குடியிருப்பில் மகள் வைத்திருக்கும் ரோஜாச் செடிகளைப் பற்றிப் பேசினார். வயலின் வாசிக்கிறவர்கள் வீட்டைக் கவனிப்பதில்லை என்றார். மடியில் வயலினோடு உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்து, வாசிக்கவேண்டாம், கேட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். சித்தப்பாவின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பரீட்சை எழுதுமுன்பே பெயிலானவன் முகம்.

அம்மா அடுப்படியிலிருந்து, மேல்பலகை டின்னில் இருக்கும் கற்கண்டைத் தட்டில் போடச் சொல்லி அப்பாவுக்குக் குரல் கொடுத்தாள். அப்பா கையை நீட்டினார், முதலில் பட்ட டின்னைத் திறந்தார், தட்டில் கொட்டினார். வருஷக்கணக்காக ரோசினை நசுக்கிய மனிதர். ஆனால் அந்த வாசனையிலேயே வாழ்கிறவர் மூக்குக்கு அது வாசனையா? மேலும் அன்றைக்கு அவர் கண் தட்டில் இல்லை, தம்பியின் முகத்தில் இருந்தது.

தட்டு முதலில் பெண்ணின் அம்மாவிடம் போனது. அவர் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். முந்தானையால் வாயைத் துடைத்தார். உபதேசியாருக்குச் சர்க்கரை வியாதி, கும்பிட்டு விலகிவிட்டார். பெண் கூச்சத்தில் எடுக்கவில்லை. செம்பூர்க்காரர் பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டினார். அவர் மனைவி தட்டில் தேடி ஒரு கட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர்கள் வீட்டு வழக்கம்போல என்று நினைத்தோம்.

கட்டி கடகடவென்று நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் காப்பியை ஒரு மடக்கு உறிஞ்சினார், தொண்டையைச் செருமினார், இன்னும் ஒரு மடக்கு குடித்து வாயில் நிறுத்தினார். பெரிய பேச்சுக்கு முன்னால் அவர் அப்படித்தான் செய்வார். விழுங்கினார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்தோம்.

வாய் திறக்கவில்லை.

யோசிக்கிறார் என்று நினைத்தோம். கன்னம் அசைந்தது, தாடை அசைந்தது, உதடு மட்டும் இறுக மூடியிருந்தது. உபதேசியார் மெதுவாக, சொல்லுங்க அண்ணாச்சி என்றார். செம்பூர்க்காரர் கையை ஆட்டினார். என்ன ஆட்டம் என்று யாருக்கும் விளங்கவில்லை. வலதுகை குறுக்கே போய்க் குறுக்கே வந்தது. உபதேசியாருக்கு அது வில் இழுப்பதாகத் தோன்றிவிட்டது.

"தம்பி, வாசிக்கச் சொல்லுதாவ. வாசிப்பா."

சித்தப்பா நம்பாமல் பார்த்தார். பிறகு வயலினைத் தோளில் வைத்தார். ஒரு பழைய கீர்த்தனை, நம் கோயில்களில் எல்லோருக்கும் மனப்பாடமானது. முதல் அடி, இரண்டாம் அடி. இப்போது கைதட்டி நிறுத்துவார் என்று நான் காத்திருந்தேன். நிறுத்தவில்லை. சித்தப்பாவும் அதை உணர்ந்திருக்கவேண்டும். மூன்றாம் அடியிலிருந்து வேறு மனிதராக வாசித்தார். வில்லிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து அவர் சட்டையில் விழுந்தது. செம்பூர்க்காரர் கண்ணில் நீர் முட்டி நின்றது. அது பாட்டினாலா ரோசினின் கசப்பினாலா என்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்சி உண்டு. நான் பாட்டுக் கட்சி. ஒரு பாட்டை முதல் தடவையாக முழுதாகக் கேட்ட மனிதர் அல்லவா!

பாட்டு முடிந்தது. உபதேசியார் மறுபடி கேட்டார், உங்கள் பதில் என்ன என்று. செம்பூர்க்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார், இறக்கினார். அப்போதுதான் ஓரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

"நான் என்ன சொல்லுதேன்னா..."

சொல்லிவிட்டு, பழக்கத்தில் நிறுத்தினார். அறை முழுவதும் அந்த மறுமொழிக்காகக் காத்திருந்தது. வரவில்லை. வாசலில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி வாயெடுத்தாள், அவள் அம்மா வாயைப் பொத்தினாள்.

"எங்களுக்குச் சம்மதம். பையனைப் பிடிச்சிருக்கு, வீட்டைப் பிடிச்சிருக்கு. பிள்ளைக்கும் சம்மதம். அவியளுக்கும் சம்மதந்தான். பாட்டைக் கேட்டு வாயடைச்சுப்போய் இருக்காவ, பாத்தாலே தெரியுதுல்லா."

அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முடித்ததோடு நிற்கவில்லை, ஜெபம் பண்ணுங்க என்று உபதேசியாரையும் கேட்டுக்கொண்டார். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாய்வார்த்தை முடிந்து ஜெபம் சொல்லிவிட்டால் அது கல்லில் எழுதியதுபோல. அப்புறம் பின்வாங்குகிறவனுக்கு ஊரில் முகம் கிடையாது. உபதேசியார் எழுந்தார், எல்லோரும் கண்ணை மூடினோம். செம்பூர்க்காரரிடமிருந்து ம்ம், ம்ம் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. உருக்கமாக ஜெபிக்கிறார் என்று உபதேசியார் இன்னும் இரண்டு வசனம் நீட்டினார்.

அம்மாவுக்கு ஜெபத்தில் கண்ணைத் திறந்து அடுப்பைப் பார்க்கும் வழக்கம் உண்டு. அன்று தட்டைப் பார்த்தாள். ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். அப்பாவின் முழங்கையைக் கிள்ளினாள். ஆமென் சொல்லி முடித்ததும் அப்பா, சம்பந்தியாருக்கு மில்லைச் சுற்றிக்காட்டுகிறேன் என்று செம்பூர்க்காரரின் தோளில் கைபோட்டுத் தடுப்புக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போனார். போகிறபோக்கில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் எடுத்துக்கொண்டார்.

அங்கே நடந்ததை அப்பா யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. செம்பூர்க்காரர் காலமாகிப் பல வருஷம் கழித்துத்தான் சொன்னார். அந்த வெளுத்த பல்வரிசை மேலும் கீழும் பல்செட்டு. வீட்டாரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாதென்று அவர் நம்பிக்கொண்டிருந்த ரகசியம். கொதிக்கும் காப்பியில் இளகிய ரோசின் மேல்செட்டையும் கீழ்செட்டையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. கழற்றி எடுத்திருந்தால் பேசியிருக்கலாம். சம்பந்தம் பேச வந்த வீட்டில், ஊரே வாசலில் நிற்கும்போது, பல்லைக் கையில் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்பா எண்ணெய் விட்டு, தேய்த்து, பிரித்து, கழுவிக் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம். அன்று முதல் அப்பாவின்மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. காரணம் தெரியாமல் நாங்கள் எல்லோரும் அதிசயப்பட்டிருக்கிறோம்.

அன்று செம்பூர்க்காரர் திரும்பி வந்தபோது மீசையில் எண்ணெய் மினுங்கியது. சித்தப்பா எழுந்து நின்றார். பெண் தலையைக் குனிந்திருந்தாள், காது மட்டும் எங்களைப் பார்த்திருந்தது. செம்பூர்க்காரர் மகளைப் பார்த்தார், வயலினைப் பார்த்தார், மனைவியை நெடுநேரம் பார்த்தார்.

"ஜெபம் பண்ணியாச்சுல்லா. இனி பேச என்ன இருக்கு."

வாசலில் நின்ற கூட்டம் போட்ட சத்தத்தில் தகரத் தடுப்பு அதிர்ந்தது. அந்த வருஷக் கிறிஸ்மஸ்போல இன்னொன்று எங்களுக்கு வரவில்லை. கீத பவனியில் செம்பூர்க்காரர் ஒரு பாட்டையும் இடையில் நிறுத்தவில்லை. சித்தப்பா தீப்பெட்டி ரோசினைத் தேய்த்துத் தேய்த்து வாசித்தார். ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. சித்தி மில் வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, ரோசின் டின்னுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தது. அந்த டின் இப்போது எங்கே போயிற்றோ. மில் இருந்த இடத்தில் லிஃப்ட் வைத்த கட்டடம் நிற்கிறது.

சித்தப்பாவும் சித்தியும் டோம்பிவிலியில் ஒரு பிளாட் வாங்கிக்கொண்டு போனார்கள். சித்தியின் அம்மா கடைசிக் காலத்தை அவர்களோடு கழித்தார். நன்றாகப் பேசுவார் அப்போது, ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். ஒருமுறை நானும் அம்மாவும் பார்க்கப் போயிருந்தோம். கடுங்காப்பி வந்தது, கற்கண்டும் வந்தது. அம்மாவுக்குப் பழைய குறுகுறுப்பு. டின் மாறிப்போய் அன்றைக்கு உங்கள் வீட்டுக்காரரை அப்படிக் கஷ்டப்படுத்திவிட்டோமே, நல்லவேளையாக நீங்கள் சின்னத் துணுக்கோடு தப்பித்தீர்கள் என்றாள். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் மன்னிப்பு.

அந்த அம்மாள் காப்பியை ஊதிக் குடித்தார். வழியிலேயே அவர் கணவர் சொல்லிவிட்டாராம், காப்பியைக் குடித்துவிட்டு முடியாது என்று சொல்லி எழுந்துவிடுவோம் என்று. மகள் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாளாம். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணில் சின்னப்பிள்ளையின் சிரிப்பு.

"கடிச்ச உடனே எனக்குத் தெரிஞ்சிட்டு மக்கா, இது கற்கண்டு இல்லன்னு. முந்தானையில துப்பிட்டேன். பொறவுதான் தட்டுல தேடி, இருக்கதுலயே பெரிய கட்டியா எடுத்து அவிய கையில வச்சேன்."